இனப்பெருக்கப் பாடத்தை வகுப்பில் எப்படி நடத்துவது? "முழுகாமல் இருக்கிறாள்" என்பதிலிருந்து தொடங்குங்கள்

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம்தான் முதுகலை ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறார். அரசு மேல்நிலைப் பள்ளி, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் வகுப்பு, பிளஸ் டூ விலங்கியல். இரண்டாவது பாடம் மனித இனப்பெருக்கம், மூன்றாவது இனப்பெருக்க நலன். முன்பு இருந்தவர் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், முக்கியமான கேள்வி மட்டும் குறித்துத் தருகிறேன்" என்று தாண்டிவிடுவாராம். இவருக்கு அப்படிச் செய்ய மனமில்லை, ஆனால் முதல் படத்தைக் கரும்பலகையில் வரைந்ததும் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பினால் என்ன செய்வது, சோதனைக் குழாய் குழந்தை, வாடகைத் தாய் என்று வரும்போது எவ்வளவு தூரம் போவது என்று கேட்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியவள். முதல் வருடம் நானும் தப்பாகத்தான் நடத்தினேன். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, பெண்களுக்கு மட்டும், தலையை நிமிர்த்தாமல் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். மணி அடித்ததும் ஒரு பெண் வந்து "மிஸ், பசங்களுக்கு எப்போ நடத்துவீங்க?" என்றாள். நடத்தவே இல்லை. அந்த வருடப் பையன்கள் மாதவிடாய் என்றால் என்னவென்று தெரியாமலேயே பள்ளியை விட்டுப் போனார்கள், அவர்களில் பலர் இப்போது அப்பாக்கள்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்றுதான். உறுப்புப் படத்தில் தொடங்காதீர்கள். புத்தகம் உறுப்பில் தொடங்கி, ஹார்மோனுக்குப் போய், கருவுறுதலுக்குப் போய், கடைசியில் அடுத்த பாடத்தின் வாலில் தொழில்நுட்பத்தைத் தொங்க விடுகிறது. நீங்கள் தலைகீழாகப் போங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்த, கேட்ட ஏதாவது ஒன்றை எடுங்கள், அது எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், உறுப்பும் ஹார்மோனும் தானாக உள்ளே வரும். இரண்டு பாடத்தையும் ஒரே பாடமாக நடத்துங்கள். சிரிப்பு எதிர்பார்த்த அளவுக்கு வராது, ஏனென்றால் அவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் எடுக்கும் முதல் விஷயம் ஒரு சொல். "அவள் முழுகாமல் இருக்கிறாள்" என்று பாட்டிமார் சொல்வார்கள் இல்லையா, அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பேன். கர்ப்பம் என்று எல்லோருக்கும் தெரியும். முழுகுவது என்றால் குளிப்பதுதானே, குளிக்காமல் இருப்பதற்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? பாதி வகுப்பு முழிக்கும். அப்புறம் யாராவது ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொல்வாள்: மாதவிடாய் முடிந்து தலைக்குக் குளிப்பார்கள், மாதவிடாய் வரவில்லை என்றால் அந்தக் குளியலும் இல்லை. அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. ஏன் வரவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி, அதற்குப் பதில் சொல்ல மொத்த ஹார்மோன் பகுதியும் தேவைப்படுகிறது.

அண்டகத்திலிருந்து (சூலகம்) அண்ட செல் (கருமுட்டை) வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்று மஞ்சளாக ஒன்று உருவாகிறது, அது புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையின் உள்சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது, கரு வரவில்லை என்றால் இரண்டு வாரத்தில் தேய்ந்துபோகிறது, தாங்கிப் பிடித்த கை விலகியதும் அந்தச் சுவர் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. கரு வந்து பதிந்துவிட்டால்? அந்தக் குட்டிக் கரு, வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளியாக மட்டுமே தெரியக்கூடிய அது, தன் வெளி அடுக்கிலிருந்து ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் இரத்தத்துக்குள் அனுப்புகிறது. "நான் இங்கே இருக்கிறேன், சுவரை இடிக்காதே" என்று சொல்வது போல. கார்பஸ் லூட்டியம் தேயாமல் நிற்கிறது, சுவர் உதிரவில்லை, முழுக வேண்டியதில்லை. மெடிக்கலில் 50, 60 ரூபாய்க்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை பிடிப்பதும் சிறுநீரில் இறங்கும் அதே ஹெச்.சி.ஜி.யைத்தான். கரு பதிவதற்கு முன்னால் எத்தனை அட்டை வாங்கினாலும் ஒரே கோடுதான் தெரியும். பாட்டியின் சொல்லும் அட்டையும் ஒரே நிகழ்வைத்தான் காட்டுகின்றன என்று சொல்லும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

அதே ஓட்டத்தில் "பத்து மாதம் சுமந்து" என்பதையும் எடுத்துவிடலாம். வகுப்பில் கட்டாயம் ஒரு பையன் "ஒன்பது மாதம்தானே மிஸ்" என்பான். கர்ப்பகாலமான 280 நாளை 28ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பத்து. மாதவிடாய்ச் சுழற்சியை ஒரு மாதமாக எண்ணினால் பத்து மாதம், ஆங்கில நாள்காட்டியில் எண்ணினால் ஒன்பது மாதமும் சில நாட்களும். அந்த 280 நாளும் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது, கரு உண்டான நாளிலிருந்து அல்ல. ஸ்கேன் அறிக்கையில் "6 வாரம்" என்று இருந்தால் கருவின் உண்மையான வயது ஏறத்தாழ 4 வாரம். இது தெரியாமல் எத்தனை வீட்டில் சந்தேகச் சண்டை வந்திருக்கிறது தெரியுமா? கல்யாணமாகி நான்கு வாரம்தான் ஆகிறது, ரிப்போர்ட்டில் ஆறு வாரம் என்று போட்டிருக்கிறதே என்று. பதினேழு வயதில் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட பையன் பின்னால் அந்தச் சண்டையைப் போட மாட்டான்.

அடுத்து, 14ஆம் நாள். புத்தகத்தில் 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் அண்டம் விடுபடுதல் என்று படம் இருக்கும். படம் சரிதான், ஆனால் அதைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் 14ஆம் நாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் கரும்பலகையில் மூன்று கோடு போடுவேன், ஒன்று 24 கட்டம், ஒன்று 28, ஒன்று 35. கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி 14 எண்ணி ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். முதல் கோட்டில் 10, இரண்டாவதில் 14, மூன்றாவதில் 21. கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதற்கு முந்தைய பகுதிதான் நீள்கிறது, சுருங்குகிறது. விடுபட்ட அண்ட செல்லுக்கு ஒரு நாள்தான் ஆயுள், விந்து செல்லோ பெண் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். இதைச் சொன்ன பிறகு "பாதுகாப்பான நாட்கள்" என்ற முறை ஏன் இவ்வளவு அடிக்கடி ஏமாற்றுகிறது என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை, அவர்களே கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒன்று மட்டும் கவனம்: எந்தப் பெண்ணிடமும் "உனக்கு எத்தனை நாள்?" என்று கேட்டுவிடாதீர்கள், உதாரணத்துக்குக்கூட. அ, ஆ, இ என்று மூன்று பேர் போதும்.

இனி மாடு. உங்கள் பள்ளி இருக்கும் பகுதியில் கறவை மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு உங்களைவிட, ஏன், என்னைவிட இந்த விஷயம் தெரியும், ஆனால் தெரியும் என்பது அவர்களுக்கே தெரியாது. மாடு கத்துகிறது, தீனி சரியாக எடுக்கவில்லை, கண்ணாடி மாதிரி கோழை வடிகிறது, அப்பா கால்நடை மருந்தகத்துக்குப் போன் போடுகிறார், சினை ஊசி போடுகிறார்கள், அதாவது காளையின் விந்தைச் செயற்கையாகச் செலுத்துகிறார்கள். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. ஏன் அந்த இடைவெளி என்று கேட்டுப் பாருங்கள். பருவ அறிகுறி ஈஸ்ட்ரோஜனால் வருவது, அண்டம் விடுபடுவது அதற்குப் பல மணி நேரம் கழித்து, விந்து செல் முன்கூட்டியே போய்த் தயாராகக் காத்திருக்க வேண்டும். மனிதரைப் பற்றிப் பேசும்போது வெட்கப்படும் வகுப்பு மாட்டைப் பற்றிப் பேசும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஈஸ்ட்ரோஜன், அண்டம் விடுபடத் தூண்டும் எல்.ஹெச்., புரோஜெஸ்டிரான் எல்லாம் மாட்டுக்கும் அதே பெயர்தான்.

ஒரு வருடம் எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, பிள்ளைகளை மாடு கட்டும் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் திரவ நைட்ரஜன் குடுவையின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்தது, பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். உள்ளே மைனஸ் 196 டிகிரி. இடுக்கியால் அவர் எடுத்துக் காட்டியது பேனா ரீஃபிலைவிட ஒல்லியான ஒரு பிளாஸ்டிக் குச்சி. கால் மில்லி அளவு, அதற்குள் சுமார் 2 கோடி விந்து செல்கள், இனத்துக்கு ஒரு நிறம், மேலே காளையின் எண் அச்சிட்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டதும் அவை உயிரோடு நீந்தத் தொடங்கும் என்றார். ஒரு பெண் கேட்டாள்: "அந்தக் காளை செத்துப்போயிருந்தாலும் கன்று பிறக்குமா சார்?" பிறக்கும். உறைபனி முறையில் பாதுகாத்தல் என்று புத்தகம் ஒரு வரியில் சொல்வதை அந்தப் பெண் பரீட்சைக்குப் பிறகும் மறந்திருக்க மாட்டாள்.

மாட்டிலிருந்து மனிதருக்குத் தாண்டும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போது பால்வகை பிரித்த விந்துக் குச்சியும் வருகிறது, அதைப் போட்டால் பத்தில் ஒன்பது கிடேரிக் கன்று. எப்படிப் பிரிக்கிறார்கள்? காளையின் விந்து செல்லில் எக்ஸ் குரோமோசோம் இருந்தால் கிடேரி (பெண்), ஒய் இருந்தால் காளைக் கன்று. எக்ஸ் விந்து செல்லில் ஒய் விந்து செல்லைவிட ஏறத்தாழ 4 சதவீதம் டி.என்.ஏ. அதிகம். டி.என்.ஏ.யோடு ஒட்டும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஒவ்வொரு செல்லாக லேசர் முன்னால் ஓடவிட்டால் எக்ஸ் கொஞ்சம் கூடுதலாக மின்னும், அதை மட்டும் மின்னேற்றம் கொடுத்து ஒதுக்கிவிடலாம். இதே வேலையை மனிதருக்கும் செய்யலாமா? தொழில்நுட்பம் இருக்கிறது, ஆனால் இந்தியாவில் குற்றம். 1994-இல் வந்த சட்டம் கரு உண்டான பிறகு பால் அறிவதைத்தான் தடுத்தது, 2003 திருத்தத்தில் கருவுறுவதற்கு முன்பே பால் தேர்வு செய்வதையும் சேர்த்துத் தடை செய்தார்கள், காரணம் இந்த மாதிரி முறைகள் வரத் தொடங்கியிருந்தன. மாட்டுக்கு அரசே ஊக்கம் கொடுக்கிற ஒன்று மனிதருக்கு ஏன் சிறைத் தண்டனை? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு நீங்கள் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் ஏன் தொடங்க வேண்டி வந்தது என்பதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பெண் குழந்தை பிறந்ததற்கு மருமகளைத் திட்டிய வீடுகளில் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்துதான் வருகிறது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் பயனில்லை.

இப்போது விளம்பரப் பலகை. பேருந்தின் பின்பக்கம், சுவர், காலை நேரத் தொலைக்காட்சி, எங்கே பார்த்தாலும் "குழந்தையின்மையா?" என்று கருத்தரிப்பு மைய விளம்பரம். பிள்ளைகள் தினமும் படிக்கிறார்கள், நாம்தான் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஐ.வி.எஃப். என்ற சோதனைக் குழாய் முறையை ஒரு வரையறையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இயற்கையான பயணத்தைக் கரும்பலகையில் ஒரு பாதையாக வரையுங்கள்: விந்து செல் உருவாகிறது, கருப்பை வாயைக் கடக்கிறது, கருக்குழாயின் அகன்ற பகுதியில் அண்ட செல்லைச் சந்திக்கிறது, நுழைகிறது, கரு பிரிந்துகொண்டே கருப்பைக்கு வருகிறது, ஆறு ஏழு நாளில் பதிகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெருக்கல் குறி போட்டு, இங்கே தடை வந்தால் என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். கருப்பை வாயில் சிக்கல் என்றால் விந்தை நேராகக் கருப்பைக்குள் செலுத்தலாம். கருக்குழாய் அடைத்திருந்தால் சந்திப்பை வெளியே வைத்துக்கொள்ளலாம், அதுதான் ஐ.வி.எஃப். விந்து செல்லால் நுழைய முடியவில்லை என்றால் ஒரே ஒரு செல்லை நுண் ஊசியால் உள்ளே செலுத்தலாம், அது இக்ஸி, 1992-இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து முதல் வெற்றியை அறிவித்தார்கள். கருப்பையே இல்லை அல்லது தாங்காது என்றால் வேறொருவர் சுமக்கலாம். ஒவ்வொரு தொழில்நுட்பமும் பாதையில் ஒரு தடையைத் தாண்டும் குறுக்குவழி என்று தெரிந்த பிறகு அந்தப் பெயர்ச் சுருக்கங்கள் பயமுறுத்தாது. ஜிஃப்ட் (அண்ட செல்லையும் விந்து செல்லையும் கருக்குழாய்க்குள் விடுவது), ஸிஃப்ட் (வெளியே கருவுற்றதைக் கருக்குழாய்க்குள் விடுவது) இரண்டையும் மருத்துவமனைகள் ஏறக்குறைய கைவிட்டுவிட்டன, ஆனால் வினாத்தாள் கைவிடவில்லை, அதனால் "எங்கே சேர்ந்தது, எங்கே விட்டார்கள்" என்று இரண்டு பத்தி போட்டு ஒரு பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

"சோதனைக் குழாய் குழந்தை குழாயிலேயே வளருமா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். சிரிக்காதீர்கள், பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். குழாயே கிடையாது, தட்டையான ஒரு சின்னத் தட்டு, 37 டிகிரி வெப்பம், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்று, மூன்றிலிருந்து ஐந்து நாள், அவ்வளவுதான் வெளியே. மீதி முழுக்க கருப்பையில். 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தின் ஓல்டமில் பிறந்த, உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுனின் அம்மாவுக்குக் கருக்குழாய்கள் அடைத்திருந்தன, மற்றதெல்லாம் சரியாக இருந்தது. நமது பாதைப் படத்தில் ஒரே ஒரு பெருக்கல் குறி. விஞ்ஞானி எட்வர்ட்ஸ், மருத்துவர் ஸ்டெப்டோ, செவிலியர் ஜீன் பர்டி மூவரும் சேர்ந்து செய்த வேலை அது, எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் வந்தபோது மற்ற இருவரும் உயிரோடு இல்லை.

அதோடு நிறுத்தாமல் கல்கத்தாவுக்கும் வாருங்கள். அதே 1978, அக்டோபர் 3, லூயிஸ் பிறந்து இரண்டு மாதம் சொச்சம்தான். டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, துர்கா என்று பெயர் வெளியானது. இங்கிலாந்தில் இயற்கையாக முதிர்ந்த ஒற்றை அண்ட செல்லை எடுத்தார்கள். இவரோ ஹார்மோன் ஊசி போட்டுப் பல அண்ட செல்களை முதிர வைத்து, கருவை உறைய வைத்து, 53 நாள் கழித்துக் கருப்பையில் வைத்தார் என்று அவர் குறிப்புகள் சொல்கின்றன. இன்றைக்கு மையங்களில் நடப்பதற்கு நெருக்கமானது அவர் வழிதான். மாநில அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, இது நம்பக்கூடியதல்ல என்று ஒதுக்கியது, வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போக விடவில்லை, கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு இடமாற்றம் செய்தார்கள். இனப்பெருக்க உடலியலில் ஆராய்ச்சி செய்த மனிதரை. 1981 ஜூனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து சோதனைக் குழாய் குழந்தையைக் கொண்டுவந்த விஞ்ஞானி ஆனந்த் குமார்தான் பின்னால் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, எனக்கு முன்பே இவர் செய்துவிட்டார் என்று 1997-இல் வெளிப்படையாகச் சொன்னார். இதைச் சொல்லும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. கண் மருத்துவத்துக்கு மாற்றினார்கள் என்ற இடத்தில் எனக்கே குரல் மாறிவிடும்.

வாடகைத் தாய் என்று வந்ததும் 2022-இல் ஒரு சினிமா தம்பதிக்கு இரட்டைக் குழந்தை பிறந்த கதையைக் கட்டாயம் எடுப்பார்கள். வம்பில் இறங்காதீர்கள், சட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள். 2021-இல் இயற்றி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை, மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டும்தான் கொடுக்கலாம். சுமப்பவர் 25-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், சொந்தமாக ஒரு குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான். அவருடைய அண்ட செல்லைப் பயன்படுத்தக் கூடாது. "அப்போ அந்தம்மா குணம் பிள்ளைக்கு வராதா?" என்பான் ஒருவன். மரபணு வராது, இரண்டு பேர் இரத்தமும் கலக்காது, தாய்சேய் இணைப்புத்திசு (நஞ்சுக்கொடி) வழியாக ஆக்சிஜனும் உணவும் மட்டுமா போகிறது, மருந்தும் மதுவும் சில கிருமிகளும்கூடப் போகும் என்று அங்கேயே அந்தப் பகுதியை நடத்திவிடலாம்.

கருமுட்டை தானத்தைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். 2022 ஜூனில் ஈரோட்டில் வெளியான வழக்கு நினைவிருக்கும், 16 வயதுப் பெண்ணுக்கு வயதைக் கூட்டிப் போலி ஆதார் தயாரித்து, பல முறை கருமுட்டை எடுக்க வைத்திருக்கிறார்கள், கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருவர். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வயது. அதனால் நான் இதைத் தெளிவாகவே சொல்வேன்: விந்து கொடுப்பது போல் இது கிடையாது. பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக அண்டகத்துக்குள் ஊசி செலுத்தி உறிஞ்சி எடுப்பது. அளவு மீறினால் அண்டகம் வீங்கி வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். சட்டப்படி கொடுப்பவருக்கு வயது 23-லிருந்து 35 வரை, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பரீட்சைக்கு வராது, பரவாயில்லை.

சொற்களைப் பற்றி. விந்தகம், அண்டகம், புணர்ச்சி என்று புத்தகத்தில் இருக்கும் சொல்லை, சிறுநீரகம் என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தினால்தான் சிரிப்பு வரும். செய்தித்தாளில் கருமுட்டை, புத்தகத்தில் அண்ட செல், இரண்டும் ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மலடி என்ற சொல்லை நான் ஒரு முறை எழுதி, இதற்கு ஆண்பால் தினமும் காதில் விழுகிறதா என்று கேட்பேன். மலடன் என்று அகராதியில் இருக்கிறது, தெருவில் கிடையாது. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது, ஆனால் ஊர் ஊராகக் கோயிலுக்குப் போவதும் முதலில் டெஸ்ட்டுக்குப் போவதும் அந்தப் பெண்தான், ஆணுக்கு ஒரு விந்துப் பரிசோதனை ஒரே நாளில் முடிந்துவிடும். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையின் அத்தையோ சித்தியோ இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டிருப்பார், ஏன், ஐ.வி.எஃப்.பில் பிறந்த பிள்ளையே உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம், அந்த நினைப்போடு பேசுங்கள்.

கேள்விப் பெட்டி வையுங்கள், பழைய ஷூ டப்பா போதும். பெயர் எழுத வேண்டாம், எல்லோரும் ஒரு சீட்டு போட வேண்டும், கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போட வேண்டும். இல்லையென்றால் யார் எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவன் பார்ப்பான். என் பெட்டியில் பையன்கள் பக்கமிருந்து வரும் சீட்டுகளில் பாதி ஒரே பயம்தான்: தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடம்பு கெட்டுவிடுமா, ஒரு சொட்டு விந்து அறுபது சொட்டு இரத்தமாமே. லாட்ஜில் ரூம் போட்டு "இளமையில் செய்த தவறா?" என்று நோட்டீஸ் ஒட்டும் வைத்தியர்கள் இந்தப் பயத்தை வைத்துத்தான் மூன்று தலைமுறையாகச் சம்பாதிக்கிறார்கள், இப்போது யூடியூபுக்கும் வந்துவிட்டார்கள். பதில் பாடத்திலேயே இருக்கிறது. விந்து செல் இரத்தத்திலிருந்து காய்ச்சி வடிப்பதல்ல, விந்தகத்துக்குள் இருக்கும் விந்து நுண்குழல்களில் ஓயாமல் உற்பத்தியாவது, ஒரு செல் தயாராக இரண்டரை மாதம் போல ஆகிறது, வெளியேறாதது உடைந்து உடலாலேயே உறிஞ்சப்படுகிறது, தூக்கத்தில் வெளியேறுவது வளரும் வயதில் இயல்பு. இதை நான் வகுப்பில் உரக்கச் சொன்ன நாளில் ஒரு பையன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

கருத்தடைப் பகுதியைப் புத்தகம் நன்றாகவே கொடுத்திருக்கிறது, செயல்படும் விதத்தை மட்டும் விளக்குங்கள். எது விந்து செல்லைத் தடுக்கிறது, எது அண்டம் விடுபடுவதைத் தடுக்கிறது என்று. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, அம்மாக்கள் பிரசவ வார்டில் கேள்விப்பட்ட பெயர்தான். தாமிர அயனிகள் விந்து செல்லின் நீச்சலைக் கெடுக்கின்றன என்றால் புரிந்துவிடும்.

இன்னொன்று, இது முக்கியம். பெட்டியில் எப்போதாவது ஒரு சீட்டு கேள்வியாக இல்லாமல், தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்வதாக இருக்கும். எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. அதை வகுப்பில் படிக்காதீர்கள், கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து விசாரிக்கவும் போகாதீர்கள். எல்லோருக்கும் பொதுவாக, யாருக்காவது தனியாகப் பேச வேண்டும் என்றால் நான் இந்த நேரத்தில் ஆய்வகத்தில் இருப்பேன் என்று சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். பிள்ளை வந்து சொன்னால், 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது உங்கள் கடமை. பள்ளிக்குக் கெட்ட பெயர், பெண்ணின் எதிர்காலம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது.

தலைமையாசிரியரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெற்றோர் யாராவது வந்து கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள், அரசு அச்சிட்டது. எனக்கு இத்தனை வருடத்தில் சண்டைக்கு வந்தவர் ஒருவர்தான், அவரும் படத்தைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆண் ஆசிரியராக இருப்பதால் மாதவிடாயைப் பற்றிப் பேசலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பேசுங்கள், பையன்கள் ஒரு ஆண் அதைச் சாதாரணமாகப் பேசிப் பார்த்ததே இல்லை. வகுப்புக் கதவை மட்டும் சாத்தாதீர்கள், திறந்தே இருக்கட்டும். பக்கத்து வகுப்புக்குக் கேட்டால் கேட்கட்டும். மொத்தம் பதினாறு பீரியடாவது ஒதுக்குங்கள், அதில் இரண்டு பீரியட் கேள்விப் பெட்டிக்கு. கால்நடை மருந்தகத்தில் இப்போதே போய்ப் பேசி வையுங்கள், காலையில் மாடு வரிசையில் நிற்கும், அவர்களுக்கு நேரம் இருக்காது, மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் நைட்ரஜன் குடுவையை நிதானமாகத் திறந்து காட்டுவார்கள்.